நாய் உடும்பைக் கவ்விக்கொண்டு வந்து போட்டால் என்ன செய்வது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தை ஒட்டிய வீடு, பின்னால் கொல்லை, அதைத் தாண்டினால் சில்வர் ஓக் மரங்களும் மிளகுக் கொடியும்தான். வீட்டில் இரண்டு நாய்கள்: ஒன்று சிப்பிப்பாறைக் கலப்பு, இன்னொன்று லாப்ரடார். போன மழைக்காலத்தில் ஒரு முயல் குட்டி, அப்புறம் ஒரு மரநாய், இப்போது ஒரு உடும்பு. உடும்புக்கு உயிர் இருந்ததாம், வாசற்படியில் கொண்டுவந்து போட்டுவிட்டு இரண்டும் வாலாட்டிக்கொண்டு நின்றன என்கிறார். வீட்டுக்காரர் பிரம்பால் அடித்துப் பார்த்துவிட்டார், பயனில்லை. மாமியார் இரண்டையும் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டச் சொல்கிறார். தோட்ட வேலைக்கு வருகிற ஒருவர் அந்த உடும்பைத் தனக்குக் கொடுத்துவிடச் சொன்னாராம். "நாயையும் விட முடியவில்லை, இதையும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை, என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

முதலில் பிரம்பை எடுத்து உள்ளே வையுங்கள். அடி வேண்டாம் என்பதற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை, அது உங்களுக்கே பாதகமாக முடியும். நாய் ஒரு செயலையும் அதற்குக் கிடைக்கிற பலனையும் முடிச்சுப் போட்டுக்கொள்வது ஓரிரு நொடிக்குள் நடக்கிற விஷயம். கொல்லையின் கோடியில் உடும்பைப் பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு படி வரை வந்து, உங்கள் காலடியில் போட்ட பிறகு அடி விழுந்தால், "பிடித்தது தப்பு" என்று அதற்குப் புரியாது, "இவர்களிடம் கொண்டுவந்தது தப்பு" என்றுதான் புரியும். அடுத்த முறை கொண்டுவராது, புதருக்குள்ளேயே கதையை முடித்துவிடும். உங்களுக்குத் தெரியாமலே எத்தனை உயிர் போகிறதோ, யார் கண்டது.

பசியும் இதற்குக் காரணம் இல்லை. வயிறு நிறைய கறிச்சோறு தின்ற நாயும் துரத்தும். தேடுவது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, உலுக்கிக் கொல்வது என்று ஓநாய்க் காலத்திலிருந்து வரும் ஒரு தொடர் நாயின் உடம்பில் இருக்கிறது. மனிதன் ஒவ்வொரு இனத்திலும் அதில் ஒவ்வொரு பகுதியை வளர்த்தெடுத்திருக்கிறான். லாப்ரடார் எடுத்துவந்து கொடுப்பதற்கென்று வளர்க்கப்பட்டது, உங்கள் படியில் உடும்பு வந்து சேர்ந்தது அநேகமாக அதன் கைங்கரியம்தான். சிப்பிப்பாறையோ கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய், முயல் பிடிக்கவே பெயர் போனது. ஓடுகிற எதையும் அது சும்மா விடாது. இரண்டும் சேர்ந்தால் ஒன்று விரட்ட ஒன்று மடக்க என்று ஒரு கூட்டணி ஆகிவிடுகிறது. ஒற்றை நாய் பாதியில் விட்டுவிடும் வேட்டையைக்கூட ஜோடி நாய் முடிக்கும். அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கொல்லையில் அவிழ்த்துவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். எதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இந்தக் குணத்தைப் பயிற்சி கொடுத்து அடியோடு எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொல்லையில் நாய்க்கு ஒரு நேரம், காட்டு உயிர்களுக்கு ஒரு நேரம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் உண்மையில் பலிக்கும். அதற்கு எந்த உயிர் எப்போது வருகிறது என்று தெரிந்தாக வேண்டும், அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

உடும்பிலிருந்து தொடங்குவோம். அது பகலில் நடமாடுகிற பிராணி, உடம்புச் சூட்டை வெயிலிலிருந்துதான் வாங்க வேண்டும். சேலத்தில் காலை எட்டு மணிக்கே கல் சூடாகிவிடும், நீங்கள் இருப்பதோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே மூடுபனி விலகி வெயில் ஏறிய பிறகுதான் உடும்பு பொந்தை விட்டு வெளியே வரும். வந்ததும் கருங்கல் சுவர் மேலேயோ பாறை மேலேயோ வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பரத்திக்கொண்டு, கண்ணை மூடித் திறந்துகொண்டு அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் அதற்குக் கால் ஓடாது, தசை இன்னும் சூடாகியிருக்காது. மதியத்துக்கு மேல் அதே உடும்பை உங்கள் நாய் தொடக்கூட முடியாது, மரத்தில் ஏறிவிடும். ஆக, காலை வெயில் ஏறுகிற நேரத்திலிருந்து பதினொன்று, பதினொன்றரை வரை நாய்கள் கொல்லைப் பக்கம் போகக் கூடாது. வேலியோரம் கறையான் புற்று இருந்தால் அதை இடிக்காதீர்கள், உடும்பு முட்டையிடும் இடங்களில் அதுவும் ஒன்று. புற்றைச் சுற்றி நாய் தோண்ட முடியாதபடி முள்ளை வெட்டிப் போட்டுவிடுங்கள்.

முயல் வருவது அந்தி சாயும்போதும் விடியலிலும், இரவு முழுக்கவும். நம் ஊர் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் ஒரு சின்னப் பள்ளம்தான் அதற்கு வீடு. குட்டிகள் கண் திறந்து, மேலெல்லாம் ரோமத்தோடு பிறக்கும். தாய் கூடவே உட்கார்ந்திருக்காது, எப்போதாவது வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும், தன்னுடைய வாசனை குட்டியைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க இதுதான் வழி. புல்லுக்குள் தனியாக ஒரு முயல் குட்டியைப் பார்த்தால் அநாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள், நாயை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

மரநாய் முழுக்க இரவுப் பிராணி. உங்களைப் போல் காபிக்காரர்களுக்கு அது புதிதல்ல, பழுத்த காபிப் பழமாகப் பொறுக்கித் தின்று கொட்டையை எச்சத்தில் விட்டுப் போகும். பலா, கொய்யா, சப்போட்டா என்று தரையில் விழுந்து அழுகுகிற எந்தப் பழமும் அதைக் கூப்பிடும். இரவு நாய் தின்றது போக மிச்சம் இருக்கிற சோற்றுத் தட்டும் அப்படித்தான். தட்டைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், அப்புறம் பிரச்சினை வேறு மாதிரி ஆகிவிடும். சாயங்காலம் விழுந்த பழத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தட்டைக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள். குப்பைக் குழிக்கு ஒரு மூடி போடுங்கள்.

இப்போது கணக்குப் போட்டால் நாய்களுக்கு மிச்சம் இருப்பது மதியத்திலிருந்து மாலை ஐந்து, ஐந்தரை வரை. அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடலாம். காலையில் கையில் கயிற்றோடு நன்றாக நடக்க வைத்துக் கூட்டி வாருங்கள், தனியாக விடாதீர்கள். இரவு இரண்டும் வீட்டுக்குள், அல்லது கதவு போட்ட தாழ்வாரத்தில். "காவலுக்குத்தானே நாய் வளர்க்கிறோம்" என்று மாமியார் கேட்கக்கூடும். தாழ்வாரத்தில் படுத்திருக்கிற நாயும் குரைக்கும், திருடனுக்கு அந்தச் சத்தம் போதும்.

நாள் முழுக்கச் சங்கிலி என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டத்துக்கென்றே பிறந்த சிப்பிப்பாறையைப் பகலெல்லாம் கட்டினால் அதன் வெறி கூடும், ஆளையும் கடிக்கத் தொடங்கும். சாயங்காலம் அவிழ்த்த மாத்திரத்தில் முதலில் கண்ணில் படுகிற உயிரின் மேல் பாயும். சங்கிலிக்குப் பதிலாக வீட்டை ஒட்டிக் கொஞ்ச இடத்துக்கு ஆறடி உயரத்தில் கம்பி வலை அடித்து, வலையின் அடியை மண்ணுக்குள் ஓரடி இறக்கிவிடுங்கள். நாய் அதற்குள் சுதந்திரமாகத் திரியட்டும். கொல்லை முழுவதையும் வலை போட்டு அடைத்துவிடாதீர்கள், காட்டு உயிர்கள் வந்து போகிற பாதை அடைபட்டுவிடும், உள்ளே மாட்டிக்கொள்வது தப்பிக்க வழியில்லாமல் நாய் வாயில் விழும். உங்கள் பக்கம் காட்டெருமை வேறு வருகிறது, வலுவில்லாத வேலியை அது ஒரே முட்டில் சாய்த்துவிட்டுப் போகும்.

பயிற்சி என்று பார்த்தால் இரண்டு சொல் போதும்: "வா", "விடு". கோழி ஈரலை வேகவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி வைத்துக்கொண்டு, முதலில் வீட்டுக்குள், அப்புறம் முற்றத்தில், அப்புறம் பத்து மீட்டர் கயிற்றில் கட்டிக் கொல்லையில் என்று படிப்படியாகப் பழக்குங்கள். "விடு" என்றதும் வாயில் இருக்கிற பந்தைப் போட்டால் ஈரல், "வா" என்றதும் திரும்பி ஓடிவந்தால் ஈரல். கூப்பிட்டு வந்த நாயை எக்காரணத்துக்காகவும் திட்டாதீர்கள். துரத்தத் தொடங்கிய பிறகு சிப்பிப்பாறை எந்தச் சொல்லையும் காதில் வாங்காது, துரத்துவதற்கு முன்னால் காதை நிமிர்த்தி உறைந்து நிற்கிற அந்த ஒரு கணத்தில்தான் கூப்பிட வேண்டும். கூடை மாதிரி இருக்கும் வாய்மூடியும் நல்லதுதான், அதற்குள் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டையை மாட்டி வெளியே விட்டால் உடம்புச் சூடு தணியாமல் நாய் மயங்கி விழும்.

இதில் நாய்க்கும் ஆபத்து இருக்கிறது. தேரையைக் கவ்வினால் அதன் தலைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் நஞ்சு பட்டு நுரை நுரையாக எச்சில் ஒழுகும். வாயைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி கழுவிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். முள்ளம்பன்றி முள் குத்தியிருந்தால் வெட்டவோ இழுக்கவோ கூடாது, மயக்க ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி விரியனோ நல்ல பாம்போ கடித்தால் கட்டுப் போடாமல், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும், கிளம்பும்போதே போன் போட்டு மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்தில் கிடைக்காவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் மலையை இறங்கவே நேரம் போய்விடும் என்பதால் அருகில் இருப்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருப்பது நல்லது.

தடுப்பூசி விஷயத்தில் சமாதானமே கிடையாது. மரநாய், கீரி போன்றவற்றிடமிருந்து நாய்க்கு வெறிநோய் வரலாம், நாயிடமிருந்து அவற்றுக்கும் போகலாம். காட்டு விலங்கு கடித்த நாய்க்கு, ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும், மறுபடி ஊசி தேவைப்படும். நாயிடமிருந்து காட்டுக்குப் போகிற இன்னொரு நோய் டிஸ்டெம்பர். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, செத்தவற்றில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். சிங்கத்துக்கே அந்தக் கதி என்றால் மரநாய் எம்மாத்திரம். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ (ரத்தக் கழிச்சல் நோய்), எலிக்காய்ச்சல் நான்குக்கும் ஊசி தவறாமல் போடுங்கள். அடிபட்ட மரநாயை எடுக்கப்போய் உங்கள் கையில் கீறல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். உடும்பு ஊர்வன என்பதால் அதனிடமிருந்து வெறிநோய் வராது, கையைக் கழுவினால் போதும். பல்லோ நகமோ பட்டிருந்தால் மட்டும் காயத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஒரு விலங்கு உயிரோடு சிக்கினால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் நாய்களை உள்ளே பூட்டுங்கள். தடித்த சாக்கை மேலே போட்டு, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் விட்டு, சத்தமும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் வையுங்கள். உடும்பு வாலால் அறையும், கடிக்கவும் செய்யும், தலைப்பக்கம் கை வைக்காதீர்கள். பாலோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம், எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம், முயல் பயத்திலேயே செத்துவிடும். வெளியில் ரத்தம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்: நாய்ப்பல் குத்திய துளை ரோமத்துக்குள் தெரியாது, உள்ளே தசை நைந்திருக்கும், கிருமி ஏறி ஓரிரு நாளில் முடித்துவிடும். குளிரில் அசைவற்றுக் கிடக்கும் உடும்பைச் செத்தது என்று முடிவு கட்டிப் புதைத்துவிடவும் வேண்டாம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் மலையில் சேர்வராயன் வடக்கு, தெற்கு என்று இரண்டு வனச் சரகங்கள் இருக்கின்றன, உங்கள் வீடு எதில் வருகிறது என்று கேட்டு அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்த உடும்பை வேலைக்காரருக்குக் கொடுக்காமல் இருந்தீர்கள் என்று நம்புகிறேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு, அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினாலோ கறியை வைத்திருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். செத்துப்போனாலும் அது அரசின் சொத்து, கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். இப்படித் தெரிவிப்பது உங்களுக்கே பாதுகாப்பு, நாயை ஏவி வேட்டையாடினீர்கள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

கடிதத்தின் கடைசி வரியில், சிப்பிப்பாறையை மட்டும் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மலை மேலேயே இன்னொரு எஸ்டேட்டுக்குக் கொடுத்தால் அங்கே இருக்கிற முயலும் உடும்பும் மாட்டும், அவ்வளவுதான். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கீழே ஊருக்குள், மதில் சுவர் உள்ள, தினமும் ஓட வைக்க ஆள் இருக்கிற வீடாகப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் நான் சொன்ன நேரப் பிரிவை இரண்டு மாதம் ஒரு நாளும் விடாமல் செய்து பாருங்கள், காலை நடையை உங்கள் வீட்டுக்காரரிடமே ஒப்படையுங்கள்.