ஆச்சியின் விரதமும் அமெரிக்கக் குப்பியும்: முதுமை பற்றிய வாசகர் கேள்விகள்

இம்முறை நெல்லைச் சீமையிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதுமையையும் ஆயுளையும் பற்றியே கேட்கின்றன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்தப் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஆச்சி ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை என்று மாதத்தில் பல நாட்கள் விரதம் இருந்தார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் தன் வேலையைத் தானே செய்துகொண்டார். குறைவாகச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று விஞ்ஞானிகளும் சொல்கிறார்களாமே? எனக்கு வயது 68. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நானும் விரதம் இருக்கலாமா?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: உணவுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு, முதுமை ஆராய்ச்சியில் மிகப் பழையதும் மிக உறுதியானதுமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. 1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவரும் அவரது சகாக்களும், வைட்டமினும் தாது உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டு உணவின் மொத்த அளவை மட்டும் குறைத்துக் கொடுத்த எலிகள், வயிறு நிறைய உண்ட எலிகளைவிட நெடுங்காலம் வாழ்ந்ததைக் காட்டினார்கள். பின்னர் ஈஸ்ட், புழு, பழ ஈ, சுண்டெலி என்று பல உயிர்களிலும் இதே போக்கு காணப்பட்டது.

காரணத்தை இப்போது ஓரளவு விரிவாகவே சொல்ல முடியும். செல்லுக்குள் எம்டார் என்ற புரதம் இருக்கிறது; உணவு தாராளமாகக் கிடைக்கும்போது இது விழிப்பாக இருந்து, வளர், புதிதாகக் கட்டு என்று செல்லை ஏவுகிறது. உணவு குறையும்போது இதன் வேகம் தணிகிறது. அப்போது செல், பழுதான புரதங்களையும் தனக்குள்ளிருக்கும் தேய்ந்த பாகங்களையும் உடைத்து மறுபடி பயன்படுத்தும் ஆட்டோஃபேஜி என்ற வேலையில் இறங்குகிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீரை அடைத்த நாட்களில்தான் தூர்வார முடிகிறது அல்லவா, அது போன்றதுதான் இதுவும். இந்த வேலையை நடத்தும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியரான யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு நெருங்கி வர வர, பலன் மங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார்கள். உணவைக் குறைத்த குரங்குகளுக்கு நோயும் சாவும் குறைந்தன என்று விஸ்கான்சின் குழு 2009-இல் அறிவித்தது; ஆயுள் கூடவில்லை என்று தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் குழு 2012-இல் அறிவித்தது. இரு குழுவினரும் பிறகு சேர்ந்து உட்கார்ந்து கணக்குகளை ஒப்பிட்டபோது வெளிவந்த ஒரு செய்தி நமக்கு முக்கியமானது: விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் கால் பங்குக்கும் மேல் சர்க்கரை இருந்தது, மற்ற இடத்தில் அது மிகவும் குறைவு. அதாவது, மோசமான சாப்பாட்டைக் குறைத்தால் கிடைக்கும் நன்மை, நல்ல சாப்பாட்டைக் குறைத்தால் அதே அளவுக்குக் கிடைப்பதில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பெரியது காலரி என்ற ஆய்வு. பருமன் இல்லாத இருநூற்றுச் சொச்சம் பேர் இரண்டு ஆண்டுகள் பங்கேற்றார்கள். 25 சதவீதம் உணவைக் குறைப்பது இலக்கு. சராசரியாகக் குறைக்க முடிந்ததோ 12 சதவீதம்தான். இரத்த அழுத்தமும் கொழுப்பும் நன்றாகக் குறைந்தன. மூப்பின் வேகத்தை அளக்கும் ஓர் அளவுகோலில் 2 முதல் 3 சதவீதம் வரை குறைவு தெரிந்தது. எடையோடு எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பங்கேற்றவர்கள் இளைஞர்களும் நடுவயதினரும்; உங்கள் வயதினர் அல்லர்.

உங்கள் ஆச்சி விரதத்தால் மட்டும் நீண்ட நாள் வாழ்ந்தாரா என்று ஒருவரை வைத்துச் சொல்லிவிட முடியாது. அவர் நடந்த தூரமும் செய்த வேலையும் அந்தக் கணக்கில் உண்டு. உங்களைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரோ இன்சுலின் போடுபவரோ வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரலாம். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போய், விரத நாளில் எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூடத் தள்ளாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன் டாரின், ரெஸ்வெரட்ரால் என்று இரண்டு குப்பி மாத்திரைகள் அனுப்பியிருக்கிறான். இரத்தம் கொடுத்து உயிரியல் வயதைப் பார்த்துக்கொள்ளவும் சொல்கிறான். சாப்பிடலாமா, பார்க்கலாமா?
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, மகனின் அக்கறையை மதித்தே இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் மூன்று ஆய்வுக்கூடங்கள் ஒரே மருந்தை ஒரே நேரத்தில் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஒரு திட்டம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஓரிடத்தில் கிடைத்த முடிவு மற்ற இரண்டு இடங்களிலும் கிடைக்கிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். திராட்சைத் தோலில் இருப்பதாகப் பெரிதும் பேசப்பட்ட ரெஸ்வெரட்ரால் அந்தச் சோதனையில் எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

நம் உடலிலேயே உண்டாகும் ஓர் அமினோ அமிலமான டாரினின் கதை அண்மையில் நடந்தது. வயது ஏற ஏற இரத்தத்தில் டாரின் குறைகிறது, அதைக் கொடுத்தால் சுண்டெலிகள் 10 முதல் 12 சதவீதம் கூடுதலாக வாழ்கின்றன என்று 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. உடனே உலகெங்கும் விற்பனை சூடு பிடித்தது. 2025-இல் வேறொரு குழு மனிதர்கள், குரங்குகள், எலிகள் மூன்றிலும் அளந்து பார்த்தபோது, பெரும்பாலும் டாரின் வயதோடு குறையவே இல்லை, பலரிடம் கூடியிருந்தது. முதல் ஆய்வு பொய்யென்று இதற்குப் பொருளில்லை. ஆனால், குறைவதை ஈடு செய்கிறோம் என்று சொல்லி விற்றதற்கு இருந்த அடிப்படை ஆட்டம் கண்டுவிட்டது.

அதே மூன்று கூடங்களின் சோதனையில் தேறிய மருந்தும் உண்டு. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, சுரேந்திரநாத் சேகல் என்ற இந்திய விஞ்ஞானி கனடாவில் பணியாற்றியபோது பிரித்தெடுத்த ராபமைசின்தான் அது. மேலே சொன்ன எம்டாரை அடக்குவது இதுவே. ஏறத்தாழ 20 மாதம் ஆன, நம் கணக்கில் அறுபதை ஒட்டிய எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியும் ஆயுள் கூடியது என்று 2009-இல் வெளியானபோது இத்துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆயினும் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கக் கொடுக்கும் மருந்து அது. நலமாக இருப்பவர் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வரும் குப்பியானாலும் குற்றாலத்துக் கடையில் விற்கும் லேகியமானாலும், மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்களா, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் என்று கேட்டுவிட்டே கையில் எடுங்கள்.

உயிரியல் வயது என்பது பிறந்த தேதியை வைக்காமல், உடல் எவ்வளவு மூப்படைந்திருக்கிறது என்று கணிக்கும் வயது. டிஎன்ஏ-வின் மீது ஒட்டியிருக்கும் மீதைல் என்ற சிறு வேதிக் குறிகள் வயதோடு ஒழுங்காக மாறுகின்றன என்பது உண்மை. ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆராய்ச்சியாளர் 2013-இல் டிஎன்ஏ-வின் 353 இடங்களில் உள்ள இக்குறிகளை வைத்து முதல் பெரிய கணிப்பை உருவாக்கினார். ஆயிரம் பேரை ஒப்பிட இது அருமையான கருவி. ஒரு தனி மனிதருக்கு, ஒரு கணிப்பு 61 என்று சொன்னதை இன்னொன்று 70 என்று சொல்லக்கூடும். காலரி ஆய்விலேயே ஓர் அளவுகோலில் மாற்றம் தெரிய, மற்றவற்றில் தெரியவில்லை. அந்தப் பணத்தை நீங்கள் செலவிட வேண்டியதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. சிறு வயதிலிருந்து மடியில் பீடித்தட்டை வைத்து உட்கார்ந்தே வேலை செய்தவர். இப்போது தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை. "வயசாயிட்டு, அவ்வளவுதான்" என்கிறார். அவ்வளவுதானா?
— வாசகி, முக்கூடல்

பதில்: அவ்வளவு இல்லை, அம்மா. இந்த வாரம் வந்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கடிதம் உங்களுடையது; ஏனென்றால் முதுமை ஆராய்ச்சி இன்றைக்கே கைகொடுக்கக்கூடிய இடம் இது.

வயதோடு தசை குறைவது இயல்பு. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருப்பதும், புரதம் குறைந்த சாப்பாடும் அதை விரைவுபடுத்துகின்றன. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. தார்சாவில் சுவரோரமாக, நகராதபடி ஒரு நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரச் சொல்லுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசையின் பலம் குறைந்திருக்கிறது என்று கருதலாம்.

இழந்ததை மீட்க முடியுமா என்பதற்கு விடை 1990-லேயே கிடைத்துவிட்டது. மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். அவர்களது கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. 1994-இல் நூறு பேரிடம் அதை விரிவாகச் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது: சத்துப் பானம் மட்டும் குடித்து, பயிற்சி செய்யாதவர்களுக்குப் பலன் இல்லை. தொண்ணூறில் முடிந்தது 61-இல் நிச்சயம் முடியும்.

முதலில் ஒரு முறை மருத்துவரிடம் காட்டி, இரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி, சர்க்கரை, மூட்டுத் தேய்மானம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். புகையிலைத் தூளோடு பழகியவர் என்பதால் இருமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் கையை ஊன்றியும், பழகப் பழக ஊன்றாமலும், ஒருநாள் விட்டு ஒருநாள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், உடல் எடையில் கிலோ ஒன்றுக்குக் குறைந்தது ஒரு கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். மூன்று வேளையும் சோறும் குழம்புமாகப் போனால் அது கிடைக்காது. முட்டை, மீன், பயறு, உளுந்தங்களி என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

கேள்வி: சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை இளமையைக் காக்குமாமே? சர்க்கரை இல்லாதவர்களும் சாப்பிடலாமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். அதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் நோயில்லாதவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக வாழ்ந்ததாக 2014-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு சொன்னது. பின்னர் டென்மார்க்கின் பதிவேடுகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. நலமான முதியவர்களிடம் 2019-இல் நடந்த சோதனையில், மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு எடைப் பயிற்சியால் கிடைக்க வேண்டிய தசை வளர்ச்சி குறைந்தது. சர்க்கரைக்காகச் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அது நல்ல மருந்து.

கேள்வி: கிழட்டுச் செல்லை மறுபடி இளம் செல்லாக மாற்ற முடியும் என்று வகுப்பில் படித்தோம். அப்படியானால் மனிதனையும் இளமையாக்க முடியுமா?
— கல்லூரி மாணவி, தென்காசி

பதில்: ஷின்யா யமனாகா 2006-இல் எலியின் சாதாரணச் செல்லில் நான்கு மரபணுக்களை முடுக்கிவிட்டு, அதைக் கருநிலைச் செல்லைப் போன்ற தொடக்க நிலைக்குக் கொண்டுபோனார், 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அதே நான்கையும் உயிருள்ள எலிக்குள் தொடர்ந்து இயக்கினால் கட்டிகள் தோன்றுகின்றன, உறுப்புகள் தம் வேலையை மறக்கின்றன. விட்டு விட்டு, சிறிது நேரம் மட்டும் இயக்கினால் என்ன ஆகும் என்று 2016-இல் ஒரு குழு பார்த்தது. விரைவாக மூப்படையும் குறைபாடு கொண்ட எலிகள் கூடுதலாக வாழ்ந்தன. செல் தன் அடையாளத்தை இழக்காமல் வயதை மட்டும் இழக்கச் செய்ய முடியுமா என்பதே இப்போதைய கேள்வி. உயிரியல் படிக்கும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைப்பதற்குத் தகுந்த கேள்வி இது. உங்களைப் போன்றவர்கள் இத்துறைக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு பாட்டிக்கு 112 வயது என்கிறார்கள். நம்பலாமா?
— வாசகர், ராதாபுரம்

பதில்: சான்றுகளோடு உறுதியான மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ஜான் கால்மானுடையது: 1875-இல் பிறந்து 1997-இல், 122 வயதில் இறந்தார். 112 நடக்கக்கூடியதே, மிக மிக அரிது. பிறப்புப் பதிவு சரியாக இல்லாத இடங்களில்தான் நூறைக் கடந்தவர்கள் அதிகமாகத் தென்படுகிறார்கள் என்று அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள். நம்மிடம் நாடு முழுவதற்கும் பிறப்பு, இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-இல்தான் வந்தது. தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய்க் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்து, ஒரு தேதியைப் பதிந்த காலம் அது. முதியவர்கள் பலரின் ஆதார் அட்டையில் உள்ள ஆண்டும் வாய்ச்சொல்தான்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். நம் பகுதியில் அவை பழைய காலத்திலிருந்தே உண்டு. ஜாதகக் குறிப்பு இருந்தால் தமிழ் ஆண்டின் பெயரைப் பாருங்கள்; பிரபவ வருஷம் என்றிருந்தால் அது 1927-28 ஆக வேண்டும் அல்லது 1867-68 ஆக வேண்டும், இடையில் எதுவும் இருக்க முடியாது. இரண்டும் இல்லையென்றால், பாட்டியின் மூத்த பிள்ளை எந்த ஆண்டு பிறந்தார், கடைசிப் பிள்ளை எப்போது பிறந்தார், கூடப் பிறந்தவர்களுக்கு என்ன வயது என்று கேட்டு எழுதுங்கள். கடைசிப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதுதான் என்றால், 112 என்பதற்கு இடமில்லை.