தென் கியூஷு பயணம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

டோக்கியோவையும் கியோத்தோவையும் பார்த்து முடித்துவிட்டு "அடுத்து எங்கே?" என்று கேட்பவர்களை நான் தெற்கே அனுப்புவது வழக்கம். கியூஷு தீவின் தென்பாதியில் ககோஷிமா, மியாசாகி என்று இரண்டு மாகாணங்கள். எரிமலையும் வெந்நீர் ஊற்றும் ஒரு பக்கம், பனைமரம் வரிசை கட்டிய கடற்கரைச் சாலை மறுபக்கம். சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

சென்னையிலிருந்து: நாங்கள் நால்வர், கையில் ஆறு நாள். ஃபுகுவோகாவில் இறங்கி நாகசாகி, பெப்பு, ஆசோ, தகாச்சிஹோ, மியாசாகி, ககோஷிமா, முடிந்தால் யாகுஷிமாவும் பார்க்க ஆசை. திட்டம் போட்டுத் தர முடியுமா?

இந்தத் திட்டத்தில் நீங்கள் பார்க்கப் போவது ரயில் நிலையங்களைத்தான். பாதியை அடித்துவிடுங்கள். நாகசாகி வேறு திசை, அதற்கு இன்னொரு பயணம் வேண்டும். யாகுஷிமா தனித் தீவு, அதற்கு மட்டுமே மூன்று நாள் ஒதுக்க வேண்டும்.

ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து ககோஷிமா சூவோ நிலையத்துக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம்; வேகமான வண்டி என்றால் அதற்கும் குறைவு. 2011 மார்ச்சில் முழுப் பாதையும் திறந்த பிறகு தெற்கு அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது. ககோஷிமாவில் மூன்று இரவு தங்குங்கள். பிறகு கிரிஷிமா என்ற விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து மியாசாகி போய், அங்கே இரண்டு இரவு. திரும்ப மியாசாகியிலிருந்து விமானம். அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் வருகிறது, நகரத்துக்குப் பத்து நிமிடம்தான். பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக விடுதி மாற்றாமல் இரண்டே இடத்தில் தங்குவதுதான் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நிம்மதி.

தகாச்சிஹோவும் மியாசாகி மாகாணத்தில்தானே என்று வரைபடத்தைப் பார்த்து நினைக்காதீர்கள். மியாசாகி நகரிலிருந்து நோபெயோகா வரை ரயில், அங்கிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் பஸ். பஸ்கள் குறைவு. அங்கே ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள். காலையில் பள்ளத்தாக்கில் படகு ஓட்டி, 17 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மனாய் அருவிக்கு அடியில் போகலாம். இரவு எட்டு மணிக்குத் தகாச்சிஹோ கோயிலில் ஒரு மணி நேரம் ககுரா என்னும் முகமூடி நடனம் உண்டு. 2005 புயலில் சிதைந்து நின்றுபோன ரயில் பாதையில் இப்போது திறந்த வண்டி ஒன்று ஓடுகிறது. 105 மீட்டர் உயரப் பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நிற்கும். உயரம் என்றால் பயப்படுபவர்கள் அதில் ஏற வேண்டாம்.

டோக்கியோவிலிருந்து: எந்த மாதம் நல்லது? தெற்கு என்பதால் குளிர்காலத்தில் கோட்டு வேண்டாமா?

கோட்டு வேண்டும். டோக்கியோவை விடக் கதகதப்பு என்பது உண்மைதான். ஆனாலும் ஜனவரியில் மியாசாகியில் பகலில் 12, 13 டிகிரி, விடியற்காலையில் 3, 4 டிகிரி. இருந்தாலும் அந்த மாதத்தில் வானம் தெளிவாக இருக்கும். ககோஷிமாவுக்குத் தெற்கே இபுசுகி என்ற ஊருக்கு அருகே இகேதா ஏரிக்கரையில் கடுகுப் பூ மஞ்சளாக விரிந்து கிடக்கும்.

என் தேர்வு மார்ச் பின்பாதியிலிருந்து மே நடுப்பகுதி வரை, பிறகு அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இடையில் வரும் மே முதல் வார விடுமுறையில் மட்டும் வராதீர்கள், நாடே கிளம்பிவிடும். மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். தென் கியூஷு மழை தூறலோடு நிற்பதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் புயல் மாதங்கள். பிப்ரவரியில் மியாசாகியில் தொழில்முறை பேஸ்பால் அணிகள் பயிற்சிக்கு முகாமிடும்; ரசிகர்கள் வந்து விடுதிகளை நிரப்பிவிடுவார்கள்.

கோவையிலிருந்து: சகுராஜிமா இன்னும் வெடிக்கிற எரிமலை என்கிறார்கள். குழந்தையோடு போவது பாதுகாப்பா? சாம்பல் விழுந்தால் என்ன செய்வது?

வெடிக்கிற எரிமலைதான். அதன் எதிரே, வளைகுடாவுக்கு இந்தப் பக்கம், சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் ககோஷிமா நகரம் தினமும் வேலைக்குப் போய் வருகிறது. எரிமலை வாயைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு யாரையும் விடுவதில்லை. பொதுமக்கள் போகக்கூடிய உச்சம் 373 மீட்டரில் இருக்கும் யுனோஹிரா பார்வை மேடை. அங்கே நின்றால் எரிமலையின் சாம்பல் நிறப் பக்கச்சுவர் ஓடை ஓடையாக அரித்துக் கிடப்பது நேராகத் தெரியும். எச்சரிக்கை நிலையை ஜப்பான் வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும். அன்று காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், போதும்.

ககோஷிமா துறைமுகத்திலிருந்து படகு பதினைந்து நிமிடம். படகுக்குள்ளேயே உடோன் நூடுல்ஸ் கடை உண்டு. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வாங்கி, நின்றபடி சாப்பிட்டு, கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள் உள்ளூர்வாசிகள். இறங்கியதும் சுற்றுலாப் பஸ் ஒன்று தீவின் மேற்குப் பகுதியைச் சுற்றிவர ஒரு மணி நேரம் எடுக்கும். கடலோரத்தில் சுமார் 100 மீட்டர் நீளத்துக்குக் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, இலவசம். குழந்தைக்கு அதுதான் பிடிக்கும். சிறிய துண்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

நீங்கள் தவறவிடக் கூடாதது கிழக்குப் பக்கத்தில் குரோகாமி ஊரில் இருக்கிறது. 1914 ஜனவரியில் வந்த பெருவெடிப்பில் மூன்று மீட்டர் உயரக் கோயில் தோரணவாயில் ஒன்று சாம்பலிலும் நுரைக்கல்லிலும் புதைந்துபோனது. மேல் ஒரு மீட்டர் மட்டும் தரைக்கு வெளியே நிற்கிறது. ஊரார் அதைத் தோண்டி எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். அதே வெடிப்பில் வழிந்த எரிமலைக் குழம்பு நீரிணையை அடைத்து, தீவாக இருந்த சகுராஜிமாவை ஓசுமி தீபகற்பத்தோடு ஒட்டவைத்துவிட்டது. சுற்றுலாப் பஸ் இந்தப் பக்கம் வராது என்பதால் கார் அல்லது டாக்சி தேவை.

சாம்பல் காற்றைப் பொறுத்தது. கோடையில் பெரும்பாலும் நகரத்தின் பக்கமும் குளிர்காலத்தில் எதிர்ப்பக்கமும் போகும். உள்ளூர்த் தொலைக்காட்சியில் மழை அறிவிப்போடு எரிமலை மேல் காற்று எந்தத் திசையில் என்பதையும் சொல்வார்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறுங்கள். சாம்பல் கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவுங்கள். அது நெருப்புச் சாம்பல் இல்லை, பொடித்த பாறை. தெருவோரத்தில் மஞ்சள் பைகள் குவிந்திருந்தால் குழம்ப வேண்டாம்: வீட்டு வாசலில் கூட்டிய சாம்பலைப் போட மாநகராட்சி கொடுக்கும் பை. தீவில் கல்லறைகளுக்குக்கூடக் கூரை போட்டிருப்பார்கள், பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் ஹெல்மெட்டோடு நடப்பார்கள்.

மதுரையிலிருந்து: அக்கா, நாங்கள் முழுச் சைவம், முட்டையும் இல்லை. பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் சிரமம் உண்டு தம்பி. நீங்கள் போவது மீன் கருவாட்டுச் சாற்றின் பிறந்தகத்துக்கே. ககோஷிமாவின் மகுராசாகி, யாமகாவா ஊர்களில்தான் ஜப்பானின் காட்சுவோபுஷி பெருமளவில் தயாராகிறது. சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டையாக உலர்த்தியது அது. அந்தச் சாறு இல்லாத குழம்பு இங்கே அபூர்வம். டோஃபு தட்டின் மேலேயே அதைச் சீவித் தூவி வைப்பார்கள். "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் இந்தச் சாறு கணக்கில் வராது. "இறைச்சி, மீன், முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

காப்பாற்றுவது சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். 1705-இல் மாயேதா ரியேமோன் என்ற யாமகாவாக்காரர் ரியூக்யூ தீவுகளிலிருந்து கொண்டுவந்தார். தண்ணீர் நிற்காத இந்த எரிமலை மண்ணில் நெல் சரியாக வராது, கிழங்கு செழித்தது. சுட்ட கிழங்கு பல்பொருள் அங்காடிகளிலேயே சூடாகக் கிடைக்கும். காருகான் என்ற வெள்ளை இனிப்பு, மலைக்கிழங்கு, அரிசி மாவு, சர்க்கரை சேர்த்து ஆவியில் வேகவைத்தது. இட்லிக்குச் சர்க்கரை போட்டால் கிட்டத்தட்ட அப்படி இருக்கும். சில கடைகளில் முட்டை வெள்ளை சேர்ப்பதுண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டு நகரங்களிலும் இந்திய உணவகங்கள் உண்டு. அதையும் மீறி, சமையல் அறை உள்ள தங்குமிடமும் கையில் ஒரு பொட்டலம் புளிக்காய்ச்சலும் உங்களுக்கு உத்தமம்.

சிங்கப்பூரிலிருந்து: இபுசுகி மணல் குளியலில் ஆடை உண்டா? மாமியாருக்கு ரத்த அழுத்தம், அவரும் வரலாமா?

மணலுக்குள் போகும்போது யுகாதா என்ற பருத்தி அங்கி கொடுப்பார்கள். ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கலாம். தலைக்குத் துண்டு சுற்றிப் படுத்ததும் ஊழியர்கள் மண்வெட்டியால் சூடான மணலை அள்ளி மேலே போடுவார்கள். கனம் எதிர்பார்த்ததை விட அதிகம். இரண்டு நிமிடத்தில் விரல் நுனியில் நாடி துடிப்பது கேட்கும். பத்து நிமிடம் போதும். எழுந்த பிறகு போகும் குளியல் கூடத்தில்தான் ஆடை கிடையாது. அது ஆண், பெண் தனித்தனி. கூச்சப்படுபவர்கள் மணலை மட்டும் உதறிக் கழுவிவிட்டு வெளியே வரலாம்.

மாமியாரை அவருடைய மருத்துவர் சம்மதம் இல்லாமல் படுக்கவைக்காதீர்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஏற்றதில்லை. அவருக்குக் கடல் பார்த்த இருக்கையும் குளிர்ந்த தேநீரும் வாங்கிக் கொடுங்கள். இந்த மாகாணத்துத் தேயிலைக்கு இப்போது தலை நிமிர்ந்த காலம்; 2024-இல் உற்பத்தியில், தேயிலைக்குப் பேர்போன ஷிசுவோகா மாகாணத்தையே முந்திவிட்டது.

ககோஷிமாவிலிருந்து இபுசுகிக்குப் போகும் தமாதேபாகோ ரயிலில் முன்பதிவு செய்யுங்கள். ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெள்ளை பூசிய வண்டி. பெட்டியைத் திறந்ததும் புகை கிளம்பி, கிழவனாகிப்போன மீனவனின் கதையை வைத்து அமைத்தது. நிலையத்தில் கதவு திறக்கும்போது நிஜமாகவே மேலிருந்து புகை வரும். கடல் தெரியும் இடப்பக்க இருக்கையைக் கேளுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து: கார் வாடகைக்கு எடுக்கலாமா, ரயில் பாஸ் போதுமா?

நகரங்களுக்கு ரயில், மியாசாகிக்குத் தெற்கே நிச்சினான் கடற்கரைக்கும் கிரிஷிமா மலைக்கும் கார். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கி வாருங்கள். மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை நான்கு நாட்டவருக்கும் அது செல்லும். வண்டி நம்மைப் போலவே இடப்பக்கம். ரயில் கடவையில் கதவு திறந்திருந்தாலும் கோட்டருகே முழுதாக நிறுத்திவிட்டுத்தான் கடக்க வேண்டும். மெதுவாக உருட்டிப் போனால் அபராதம். ஒரு மாகாணத்தில் எடுத்து இன்னொன்றில் விட்டால் கூடுதல் கட்டணம் உண்டு. ஜேஆர் கியூஷு ரயில் பாஸில் தென் கியூஷு மட்டும் என்று தனி வகை இருக்கிறது. ஆனால் நீங்கள் போகும் பயணங்களின் டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இரண்டு ஊரில் தங்கி மெதுவாகச் சுற்றுபவர்களுக்குப் பாஸ் பல நேரம் நஷ்டம்.

கார் ஓட்டாதவர்களுக்கு ஒரே விதி: திரும்பும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலில் பாருங்கள், போகும் பஸ்ஸைப் பிறகு பார்க்கலாம்.

திருச்சியிலிருந்து: மியாசாகியில் ஒரு நாள்தான். எதைப் பார்ப்பது?

காலை அவோஷிமா, பிற்பகல் உடோ கோயில். அவோஷிமா ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுள்ள சின்னத் தீவு, பாலத்தில் நடந்தே போகலாம். சுற்றிலும் மணற்கல்லும் சேற்றுக்கல்லும் மாறி மாறி அடுக்கியதில் மென்மையான அடுக்கை அலை அரித்துவிட, வரி வரியாகப் பாறை நிற்கிறது. அசுரன் துணி துவைத்த பலகை என்று பெயர். கடல் வற்றும் நேரத்தில்தான் முழுதும் தெரியும், ஓத நேரம் பார்த்துப் போங்கள்.

உடோவில் படியிறங்கிப் போனால் கடலோரக் குகைக்குள் செந்நிறக் கோயில். கீழே ஆமை வடிவப் பாறையின் முதுகில் கயிறு வளைத்த குழி ஒன்று உண்டு. களிமண் உருண்டை ஐந்து வாங்கி அதற்குள் எறிய வேண்டும். ஆண்கள் இடக்கையால், பெண்கள் வலக்கையால். வலக்கைப் பழக்கமுள்ள ஆண்களின் உருண்டைகள் எல்லாம் கடலுக்குப் போவதைப் பார்த்து மனைவிமார் சிரிப்பது இந்தக் கோயிலின் தனி அழகு. வழியில், மோவாய் எனப்படும் ஈஸ்டர் தீவுக் கற்சிலைகள் ஏழு நிற்கும் பூங்கா வரும். அந்தத் தீவின் அனுமதியோடு செய்த நகல்கள். புதன்கிழமை விடுமுறை, கார் இருந்தால் மட்டும் நில்லுங்கள்.

சேலத்திலிருந்து: மியாசாகி மாம்பழம் ஒன்று ஆயிரக்கணக்கான யென்னாமே? சேலத்துக்காரன் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். 350 கிராமுக்கு மேல் எடை, இனிப்பு அளவுகோலில் 15 டிகிரிக்கு மேல், வலையில் தானாக உதிர்ந்த பழம் என்றால்தான் "சூரியனின் முட்டை" என்ற முத்திரை கிடைக்கும். அழகான பழம், மென்மையான பழம். மல்கோவா சாப்பிட்டு வளர்ந்தவர் விலையைப் பார்த்த பிறகு ருசிக்க மாட்டார். அந்தக் காசில் ஹியூகானாட்சு என்ற மஞ்சள் நாரத்தையை வாங்குங்கள். வெள்ளைத் தோலோடு சீவிச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுகிறார்கள், அது நம் ஊரில் கிடைக்காது.

சென்னையிலிருந்து: சிரான் அருங்காட்சியகத்துக்குப் பத்து வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

சிரான் ககோஷிமா மாகாணத்து ஊர். 1945-இல் ஓகினாவா போரில் தங்கள் விமானத்தோடு எதிரிக் கப்பல்கள் மேல் மோதச் சென்று இறந்த 1,036 இளைஞர்களின் படங்களும் கடைசிக் கடிதங்களும் அங்கே இருக்கின்றன. பலருக்கு இருபது வயது ஆகியிருக்காது. கேள்வி கேட்கிற பிள்ளை என்றால், பதில் சொல்ல நீங்கள் தயாராக இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பையனைச் சாமுராய் வீதித் தோட்டங்களுக்குக் கூட்டிப் போகட்டும், மற்றவர் உள்ளே போகட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து: நிலநடுக்கம் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமே. 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மியாசாகிக் கடலில் 7.1 அளவில் நடுங்கியது. அதைத் தொடர்ந்து, தென் ஜப்பானை ஒட்டிய கடலடியில் இருக்கும் "நான்காய்" என்ற பள்ளத்தில் பெருநடுக்கம் வரலாம் என்ற எச்சரிக்கையை அரசு முதன்முறையாக வெளியிட்டது. கடலோர விடுதியில் தங்கினால் பெட்டியை வைத்ததும் மேட்டுக்குப் போகும் வழிப்பலகையைப் பார்த்துவிடுங்கள். வலுவாக, நீண்ட நேரம் ஆடினால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேலே ஏறுங்கள். கைபேசியில் ஆங்கிலத்தில் எச்சரிக்கும் சேஃப்டி டிப்ஸ் செயலியை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருவிலிருந்து: யாகுஷிமா போயே ஆக வேண்டும், மூன்று நாள் இருக்கிறது. ஜோமோன் சுகி என்ற பழம்பெரும் மரத்தைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கால் ஒத்துழைத்தால். போக வர 22 கிலோமீட்டர், பத்து மணி நேரம் கணக்கு. விடியும் முன் கிளம்ப வேண்டும். மார்ச் முதல் நவம்பர் வரை நடை தொடங்கும் இடத்துக்குச் சொந்தக் காரை விடமாட்டார்கள், பஸ்தான். பெற்றோரும் வருகிறார்கள் என்றால் ஷிராதானி பள்ளத்தாக்கே போதும்: பாசி மூடிய பாறையும் வேரும் ஓடையும் அங்கே இரண்டு மூன்று மணி நேரத்தில் கிடைக்கும். மாதத்துக்கு முப்பத்தைந்து நாள் மழை என்று சொல்லிச் சிரிக்கிற தீவு அது. குடை உதவாது, மேலும் கீழுமாக மழைச்சட்டை வேண்டும். ககோஷிமாவிலிருந்து வேகப்படகு இரண்டு முதல் மூன்று மணி நேரம். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே தீவிலிருந்து திரும்பும் நாளுக்கும் ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் ககோஷிமாவில் ஓர் இரவு விட்டு வையுங்கள்.