பனி விழுந்த தோட்டமும் மூன்று மதகுருக்களும்

கேள்வி: துயரத்தையே சிரிப்பாக்கும் பிளாக் காமெடி படங்களில் ஒரு பாவமும் செய்யாதவன்மேல் அடிமேல் அடி விழுகிறது. தியேட்டரே சிரிக்கிறது. அடுத்தவர் கஷ்டத்தில் என்ன சிரிப்பு?
– வாசகி, கோத்தகிரி

அவன் காரணம் கேட்டு அலைகிறானே, அந்த அலைச்சலுக்குத்தான் சிரிக்கிறோம் அம்மா. அமெரிக்க இயக்குநர்கள் கோயன் சகோதரர்களின் 'எ சீரியஸ் மேன்' (2009) பாருங்கள். 1967, அமெரிக்காவின் மினசோட்டா. லாரி இயற்பியல் பேராசிரியர். மனைவி விவாகரத்து கேட்கிறாள், வேலையும் ஆட்டம் காண்கிறது. 'எனக்கு ஏன்?' என்று யூத மதகுருக்களிடம் போகிறார். முதலாமவர் ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, 'அதைப் பாருங்கள்' என்கிறார். இரண்டாமவர் ஒரு பல் டாக்டர் கதை சொல்கிறார், அதற்கு முடிவே கிடையாது. மூன்றாமவர் பார்க்கவே மாட்டேன் என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறாராம்! நம் ஜோசியர்கள் யாரும் இவ்வளவு நேர்மையாக இருந்து நான் பார்த்ததில்லை.

நீலகிரியில் எங்கள் கட்டபெட்டுப் பக்கம் ஜனவரி உறைபனியில் பள்ளத்துத் தேயிலை கருகிப்போகும், மேட்டுத் தோட்டம் பச்சையாக நிற்கும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பள்ளத்துக்காரர், 'நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?' என்றுதான் கேட்பார். லாரியும் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதுகிறவர்தான். எப்படி நடந்தது என்பதற்குக் கணக்கு போட்டுவிடலாம். எனக்கு ஏன் நடந்தது என்பதற்கு என்ன கணக்கு போடுவது?

கேள்வி: நாணயம் சுண்டி, பூவா தலையா பார்த்து ஆளைக் கொல்லும் வில்லன் விதியின் உருவமா?
– வாசகர், குன்னூர்

'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' (2007) ஆன்டன் சிகூரைச் சொல்கிறீர்கள். அப்படித்தான் அவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஒரு பெண் பூவா தலையா சொல்ல மறுத்துவிடுகிறாள். 'காசு என்ன முடிவெடுக்கும், முடிவெடுப்பது நீதான்' என்கிறாள். அவனுக்கு அந்தப் படத்தில் கிடைத்த ஒரே சரியான பதில் அதுதான். அப்புறம் அவன் காரில் போகும்போது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வண்டி வந்து மோதுகிறது. அவன் பச்சை விளக்கில்தான் போனான். எனக்கு அங்கேதான் சிரிப்பு வந்தது.

கேள்வி: தமிழில் அப்படி ஒரு பிளாக் காமெடி உண்டா? அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?
– மாணவர், ஊட்டி

'சூது கவ்வும்' (2013). 'தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும், தருமம் மறுபடி வெல்லும்' என்பது பாரதியின் பாஞ்சாலி சபதம். இயக்குநர் நலன் குமரசாமி முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார். லஞ்சம் வாங்காத மந்திரி பதவி போய் வீட்டில் உட்காருகிறார். தன்னைக் கடத்தியவர்களிடமே பங்கு கேட்ட மகன் அவர் இடத்துக்கு வருகிறான். தாராளமாக அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள், அவர் அரசியலில் இல்லையென்றால்.