ஆற்றங்கரையில் சைக்கிள்: காசு யாரிடம், பொறுப்பு யாரிடம்?

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள். செப்டம்பரில் டான்யூப் ஆற்றங்கரையில், ஜெர்மனியின் பாசாவ் என்ற ஊரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 8 நாள் சைக்கிளில் போக ஆசை. தி.நகரில் ஒரு டிராவல்ஸில் ஆளுக்கு 2,40,000 ரூபாய் கேட்கிறார்கள். விமானமும் விசாவும் தனி. நேரடியாக அங்கேயே புக் செய்தால் பாதி விலைதான் என்கிறாள் மகள். எதை நம்புவது? (நங்கநல்லூர் வாசகர்)

பதில்: கணக்கில் உங்கள் மகள் சொல்வது சரி. யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அங்குள்ள நிறுவனங்கள் நடுத்தர ஹோட்டல், வாடகை சைக்கிள், பெட்டி சுமக்கும் சேவை எல்லாம் சேர்த்து இந்தப் பாதைக்கு ஆளுக்கு 1,000 யூரோவை ஒட்டித்தான் கேட்கின்றன. மீதி 1,40,000 எதற்கு என்று டிராவல்ஸ்காரரிடம் கேளுங்கள். அவருடைய பதிலைப் பொறுத்துத்தான் முடிவு.

முதலில் நீங்கள் வாங்குவது என்ன என்று தெளிவாக இருக்கட்டும். இந்தப் பயணங்களில் பெரும்பாலானவற்றில் வழிகாட்டி கிடையாது. காலையில் பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் வைத்துவிட்டு நீங்கள் மிதிக்கலாம், மாலையில் அடுத்த ஊர் ஹோட்டலில் பெட்டி உங்களுக்கு முன்பே வந்து காத்திருக்கும். கூடவே ஒரு வரைபடம், ஏதாவது ஆனால் கூப்பிட ஒரு போன் நம்பர். அவ்வளவுதான். 'எஸ்கார்ட்டட் டூர்' என்று சொல்லிவிட்டு இதையே தலையில் கட்டினால், கூட வரப்போகிறவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

பாதையைப் பற்றிப் பயம் வேண்டாம். மொத்தம் 300 கி.மீ.க்குச் சற்று மேல், முதல் நாளையும் கடைசி நாளையும் கழித்தால் நாளுக்கு 50 கி.மீ. அளவில் வரும். ஆறு ஓடும் திசையிலேயே போகிறீர்கள், அதனால் மெல்லிய இறக்கம். காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், முதுகைத் தள்ளிவிடும். வியன்னாவிலிருந்து பாசாவுக்குத் திருப்பிப் போட்டு யாராவது சலுகை விலை சொன்னால், காற்றை எதிர்த்து மிதிக்கப் போவது நீங்கள் என்பதை மறக்காதீர்கள். பெரும்பகுதி கார் வராத தனிப் பாதை, இல்லாவிட்டால் கிராமத்துச் சாலை. ஈ.சி.ஆரில் விடியற்காலை 5 மணிக்குக்கூடக் கிடைக்காத அமைதி.

இதில் சிகரம் மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாஹாவ் பள்ளத்தாக்கு. சுமார் 36 கி.மீ.தான். இரு கரையிலும் படிக்கட்டு மாதிரி கல் அடுக்கிய திராட்சைத் தோட்டங்கள், ஆப்ரிகாட் மரங்கள். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பல பேக்கேஜ்கள் இதை ஒரே நாளில் ஓட்டிவிட வைக்கும். அப்படி இருந்தால் நடுவில் ஸ்பிட்ஸ் அல்லது டூர்ன்ஷ்டைனில் ஓர் இரவு கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். நான் காசு கொடுத்து மாற்றச் சொல்வது இந்த ஒன்றைத்தான். கால் வலித்தால் மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்குப் படகு உண்டு, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். தோட்டக்காரர்களே நடத்தும் வைன் கடைகளில், திறந்திருந்தால் வாசலில் தழைக் கொத்து ஒன்று தொங்கும். நீங்கள் சைவம் என்றால் கவலை வேண்டாம். ரொட்டி, சீஸ் கிடைக்கும். பூரணத்துக்குப் பதில் முழு ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்த கொழுக்கட்டை கூட உண்டு!

சரி, பணத்துக்கு வருவோம். அங்கே நேரடியாக புக் செய்தால் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பேக்கேஜ் விற்கும் நிறுவனம் திவாலானால் பயணியின் பணத்தைத் திருப்பித் தர முன்கூட்டியே காப்பீடு வைத்திருக்க வேண்டும், பயணி எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. அந்தச் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியாவில் முன்பணம் பொதுவாக 20 சதவீதம்தான். முழுத் தொகையையும் இப்போதே கட்டு என்பவரிடம் போகாதீர்கள். ஆனால் ஹோட்டல் மோசமாக இருந்தது, சைக்கிள் பழுதாக இருந்தது என்று பின்னால் சண்டை வந்தால், சென்னையிலிருந்து மின்னஞ்சலில்தான் போராட வேண்டும்.

தி.நகர்காரரிடம் கட்டினால் அவரை இங்கேயே பிடிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதற்கு மூன்று விஷயம் வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணோடு அவர் பெயரில் பில். பயணத்தில் குறை வந்தால் பொறுப்பு அவருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. 'நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, எதற்கும் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் இருந்தால் அந்த 1,40,000க்கு அர்த்தமே இல்லை. மூன்றாவது, விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பது ரூபாயில், தேதிவாரியாக. வாயால் சொல்வது செல்லாது, வாட்ஸ்அப்பிலாவது வாங்கிவிடுங்கள்.

விசா பற்றி ஒரு வார்த்தை. அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது ஆஸ்திரியா, ஜெர்மனி அல்ல. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். டிராவல்ஸ்காரர் பில்லில் டி.சி.எஸ். என்று ஒரு தொகை இருக்கும். அது உங்கள் பான் எண்ணில் அரசுக்குப் போகும் வரி, ரிட்டர்ன் தாக்கல் செய்து கழித்துக்கொள்ளலாம். நேரடியாகக் கட்டும் மகளின் கணக்கோடு ஒப்பிடும்போது அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

என் யோசனை: மகளுக்குக் கணினியில் பொறுமை இருக்கிறதென்றால் நேரடியாகப் போங்கள். மிச்சப்படுவதில் உங்கள் மனைவிக்கு எலக்ட்ரிக் சைக்கிள் எடுங்கள். அங்கே அதன் மோட்டார் 25 கி.மீ. வேகம் வரைதான் உதவும், லைசென்ஸ் தேவையில்லை. உங்களுக்கும் ஒன்று எடுத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கேள்வி: என் உயரம் 167 செ.மீ. வார இறுதியில் செம்பரம்பாக்கம், பூண்டி பக்கம் அமைதியான சாலைகளில் ஓட்ட, ரோடு பைக் என்ற மெல்லிய டயர் சைக்கிள் வாங்கினேன். கடைக்காரரே என்னை அளந்து 58 அளவு ஃபிரேம்தான் சரி என்றார். பத்தே நாளில் கழுத்தும் தோளும் போயிற்று. மாற்றித் தரச் சொன்னால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பில்லைக் காட்டுகிறார். (வேளச்சேரி வாசகர்)

பதில்: 58 என்பது ஆறடி ஆளுக்கு. உங்களுக்கு 52 அல்லது 54 தான் பொருந்தும். ஸ்டாக்கில் இருந்ததை உங்கள் மேல் ஏற்றியிருக்கிறார். எனக்கும் இது நடந்தது. பல வருடம் முன்பு ஒரு கடையில் பெரிய ஃபிரேமைத் தள்ளிவிட்டு, 'ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்' என்றார்கள். பழகவில்லை, விற்றுவிட்டேன். பாதி விலைதான் தேறியது.

பில்லில் அந்த வரி அச்சாகியிருப்பதால் மட்டும் உங்கள் உரிமை போய்விடாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக முறை. ஆனால் உங்கள் சைக்கிளில் குறை இல்லை, அளவுதான் தவறு. ஆகவே உங்கள் வாதம் வேறு மாதிரி போக வேண்டும்: 'அவர் நிபுணர் என்று நம்பினேன், அவர் அளந்தார், தவறான அளவைச் சரி என்று சொல்லி விற்றார்.' இதற்கு ஆதாரம் வேண்டும். இன்றைக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: 'என் உயரம் 167, நீங்கள் 58 பரிந்துரைத்தீர்கள், 54க்கு மாற்றித் தர வேண்டும்.' அவர் மறுத்தோ மழுப்பியோ எழுதும் பதிலே உங்களுக்குச் சாட்சி.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அப்புறம் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. இருந்தாலும் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்து மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்தால், நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன். அதற்குள் ஓட்டி ஓட்டிக் கீறல் போட்டுவிடாதீர்கள்.

மாற்றும்போது ரோடு பைக்கே வேண்டுமா என்றும் யோசியுங்கள். பூண்டிப் பக்கம் சாலை நன்றாக இருக்கும், திடீரென்று ஜல்லி வரும். 25 மி.மீ. டயரில் பல் ஆடும். 32 அல்லது 35 மி.மீ. டயர் போட்ட ஹைபிரிட் (ரோடு பைக்கும் மலை சைக்கிளும் கலந்த வகை) போதும். 2025 செப்டம்பர் 22இலிருந்து சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. புதிய பில்லில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்றும் பாருங்கள்.

கேள்வி: திருச்சிக்கு ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், கல்லணையிலிருந்து காவிரிக் கரையோரமாகத் திருவையாறு வரை ஓட்ட நினைக்கிறேன். 70,000 ரூபாய் சைக்கிள். சேதமானால் ரயில்வே தருமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: தரும். ஆனால் நீங்கள் நினைக்கும் தொகை அல்ல. சைக்கிள் இலவச லக்கேஜில் வராது, பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பிரேக் வேன் என்ற சரக்குப் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். அப்போது மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் சதவீதக் கட்டணத்தைக் கட்டாவிட்டால், ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாய்தான். 12 கிலோ சைக்கிளுக்கு 1,200 ரூபாய்! கவுன்டரில் அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நீங்களாகச் சொல்லி ரசீதில் மதிப்பை எழுத வையுங்கள். பின் கியர் இருக்கும் பக்கத்துக்குப் பழைய அட்டைப் பெட்டியை வெட்டிக் கட்டுங்கள், பெடலைக் கழற்றிப் பையில் போடுங்கள்.

வெளிநாட்டு விமானத்தில் என்றால், உடைந்ததை 7 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்யாவிட்டால் உரிமை போய்விடும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே எழுதுவது உத்தமம். எலக்ட்ரிக் சைக்கிளை எடுத்துப் போகவே முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை, எலக்ட்ரிக் சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு.

கேள்வி: வைன் தோட்டம் வழியாகப் போகும்போது இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்கிறார்)

பதில்: பாலிசியைப் படியுங்கள். போதையில் நடந்த விபத்துக்கு இல்லை என்று பெரும்பாலும் இருக்கும். சைக்கிள்தானே என்று போலீஸும் விடாது. ஒரு லிட்டர் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு பிரான்சில் 0.5 கிராம், ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கு 0.8 கிராம். ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு குடியுங்கள். ஊருக்குக் கொண்டுவர ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லை, அதாவது இரண்டு பாட்டில்.

கேள்வி: ஐரோப்பாவெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டில் ஆறும் திராட்சைத் தோட்டமும் சேர்ந்த இடம் இருக்கிறதா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: கம்பம் பள்ளத்தாக்கு. சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூனிலிருந்து நேரடி ரயில் ஓடுகிறது, வாரம் மூன்று நாள். தேனியில் இறங்கிக்கொள்ளுங்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர்தான் அந்தப் பள்ளத்தாக்கின் உயிர். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் உள்சாலைகளில் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குமுளி நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் விடாது வரும், அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அங்கே பேக்கேஜ் எதுவும் வாங்க வேண்டாம். கம்பத்தில் ஒரு லாட்ஜ் எடுத்து, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, தினம் ஒரு பக்கம் போய் வாருங்கள். வைன் ருசி பார்க்கும் கூடம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள், தோட்டத்து வாசலில் பழம் கிடைக்கும். சாலையோரக் கடையில் விலை கேட்பதற்கு முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பன்னீருக்குத் தோல் மெல்லிசு. கிளம்பும் நாள் காலையில் வாங்குங்கள், முதல் நாளே வாங்கிக் கேரியரில் கட்டிக்கொண்டு மிதித்தால் லாட்ஜுக்கு வரும்போது ஜூஸாகத்தான் இருக்கும்.