எந்த சேனலில் வேலை, அது யாருடைய சேனல்?

அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் இதழியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், அவள் அப்பாவோ "எல்லாம் கட்சிக்காரன் டிவி, அங்கே போய் என்னத்தைக் கிழிக்கப்போற" என்கிறார், மூன்று நாளாக வீட்டில் பேச்சே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக அவளை பி.காமில் தள்ளிவிடாதீர்கள்.

ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் டிவி என்று கட்சி நிழலில் வளர்ந்த சேனல்கள் நம் ஊரில் ரகசியமே இல்லை. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2014இல் தண்டனை, 2015இல் விடுதலை, 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது, அதற்குள் அவர் உயிரோடு இல்லை. இதில் எந்த வருடம் உங்கள் வீட்டில் முதலில் ஞாபகம் வருகிறது என்று சொன்னால், அங்கே எந்த சேனல் ஓடுகிறது என்று நான் சொல்லிவிடுவேன்.

கட்சி சாராதவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. 2010 நவம்பரில் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா பதவி விலகினார், 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற தணிக்கை அறிக்கைத் தொகை எல்லார் வாயிலும் இருந்தது, அது உத்தேசக் கணக்கு என்பது மட்டும் பலர் காதில் விழவில்லை. அதே மாதம் வெளியான, பெரிய நிறுவனங்களுக்காக அதிகார வட்டாரத்தில் காரியம் பேசிய நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களில் மூத்த பத்திரிகையாளர்களின் குரலும் இருந்தது. இரண்டு வார இதழ்கள் அச்சிட்டன, பெரிய சேனல்களும் நாளிதழ்களும் பலவும் நாள்கணக்கில் வாயே திறக்கவில்லை. 2017 டிசம்பரில் 2ஜி வழக்கில் எல்லாரும் விடுதலையானார்கள், சிபிஐ மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024இல்தான் விசாரணைக்கு ஏற்றது. இப்போது அதை யார் பின்தொடர்கிறார்கள்?

என் பழைய மாணவன் ஒருவன் ஒரு செய்தி சேனலில் அடியில் ஓடும் வரிகளை எழுதுகிற வேலையில் இருந்தான். ஒரே மாதிரி இரண்டு வழக்கு. எதிர்க்கட்சிக்காரர் என்றால் "சிக்கினார்", வேண்டியவர் என்றால் "விளக்கம் அளித்தார்". இவன் இரண்டுக்கும் "மீது புகார்" என்று போட்டிருக்கிறான், மறுநாள் இரவு ஷிஃப்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றரை வருடம் தாங்கினான், அப்புறம் வெளியே வந்து நீதிமன்றச் செய்திகள் எழுதுகிறான், தீர்ப்பை முழுக்கப் படிக்கத் தெரிந்ததுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

சரி, படிப்புக்கு வருவோம். விஸ்காம் எனும் காட்சித் தொடர்பியலையும் இதழியலையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள், விஸ்காமில் கேமரா, எடிட்டிங், சினிமா ஆசைதான் தூக்கலாக இருக்கும். என்னைக் கேட்டால் முதலில் பி.ஏ. பொருளாதாரம் அல்லது ஐந்து வருட சட்டம், அதற்கு மேல் சென்னை தரமணியில் இருக்கும் ஆசிய இதழியல் கல்லூரி மாதிரி ஓரிடத்தில் முதுநிலை டிப்ளமோ. கல்லூரியில் இருக்கும்போதே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கட்டும். தணிக்கை அறிக்கைகள் இணையத்தில் இலவசம், வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களும் அப்படியே, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பதில் வாங்கிப் பார்க்கட்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன். வேலைக்குப் போகும்முன் முதலாளி யார், அவருக்கு வேறென்ன தொழில் என்று விசாரிப்பது சம்பளம் கேட்பதற்கும் முந்திய வேலை.

மார்க் ஷீட்டோடு சனிக்கிழமை வாருங்கள், அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு.