எண்ணெய் ஊறிய வயல்: பாக்டீரியா பொடி போட்டால் சம்பா நடலாமா?

கேள்வி: எங்கள் வயல் வழியே போகும் கச்சா எண்ணெய்க் குழாய் உடைந்து, சுமார் 10 சென்ட் நிலத்தில் எண்ணெய் பரவிவிட்டது. தேங்கி நின்றதை அள்ளிவிட்டார்கள். மண் கறுத்துக் கிடக்கிறது; தண்ணீர் விட்டால் இறங்க மாட்டேன் என்கிறது. எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா என்று ஒரு பொடி விற்கிறார்கள். அதைப் போட்டுச் சேறடித்து நடலாமா? (திருவாரூர் மாவட்ட விவசாயி)

பதில்: சேறடிக்கவே வேண்டாம் ஐயா. எண்ணெயைச் சீக்கிரம் சிதைக்கும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில் சில நாளிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். வேலை அநேகமாக நின்றுபோகும். இந்த 10 சென்ட்டுக்குச் சம்பாவை விட்டுவிடுங்கள். சுற்றி வரப்பு உயர்த்தி, அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் அடையுங்கள். மாடு மேயக் கூடாது.

மண்ணைக் கிளறுமுன் இழப்பீட்டுக்கான வேலையை முடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரை வைத்துப் படம் எடுத்து, மண் மாதிரியில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவையும் (மண்ணில் எவ்வளவு எண்ணெய் என்று காட்டும் அளவு) உப்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நியாயப்படி இந்தச் செலவெல்லாம் குழாய்க்காரர்களுடையது.

இனி பொடி. சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற எண்ணெய் தின்னிகள் உங்கள் மண்ணிலேயே இருக்கின்றன. எண்ணெய் பட்டதும் தானாகவே பெருகும். அவற்றுக்குக் குறை தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்), ஏனென்றால் எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் கார்பன். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டியபோது, கரைகளில் முக்கியமாக உரத்தைத்தான் போட்டார்கள், சிதைவு விரைவானது. டெரி என்ற டெல்லி ஆய்வு நிறுவனத்தின் ஆயில்சாப்பர் போன்ற பாக்டீரியாக் கலவைகளை நம் நாட்டில் சுத்திகரிப்பு ஆலைக் கசடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் கசடுக் குழி வேறு, உயிருள்ள வயல் மண் வேறு. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சென்ட்டில் மட்டும் பொடி போட்டு, பக்கத்துச் சென்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தத்துக்கும் வாங்குவது என் கணக்கில் வீண் செலவு.

உரக் கணக்கு: ஒரு சென்ட்டில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 8 டன். அதில் 1 சதவீதம் எண்ணெய் என்றால் 80 கிலோ. கார்பன் சுமார் 68 கிலோ. கார்பன், தழை, மணி 100:10:1 என்ற வழக்கமான விகிதப்படி யூரியா மட்டும் 15 கிலோ வரும். அதிர்ந்துவிடாதீர்கள், அவ்வளவையும் கொட்டினால் பாக்டீரியாவே செத்துவிடும். மடியும் பாக்டீரியாவின் தழைச்சத்து மறுபடி சுழலும் என்பதால் முழு அளவும் தேவைப்படாது. உழவுக்கு உழவு சென்ட்டுக்கு ஒரு கிலோவுக்குள் யூரியா, கூடவே கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போதும். பதரும் மக்கிய எருவும் கலந்தால் மண் பொலபொலப்பாகும். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும், பிழிந்தால் சொட்டாது என்ற பதத்தில் வையுங்கள். மழை வந்தால் நீர் தேங்கவிடாதீர்கள்.

லேசான எண்ணெய் சில மாதங்களில் குறையும்; தார் போன்ற பகுதி நெடுநாள் தங்கும். கச்சா எண்ணெயோடு உப்புநீரும் வந்திருக்கலாம், அதை எந்தப் பாக்டீரியாவும் தின்னாது. பரிசோதனையில் சோடியம் அதிகமென்றால், எண்ணெய் குறைந்தபின் ஜிப்சம் இட்டு நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

வாடை போய், தண்ணீர் உறிஞ்ச ஆரம்பித்ததும் தொட்டியில் அந்த மண்ணிலும் நல்ல மண்ணிலும் பச்சைப்பயறு விதைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல முளைத்து வளர்ந்தால், ஆய்வக அளவையும் மறுபடி எடுத்து, முதலில் பசுந்தாள் பயிராகத் தக்கைப்பூண்டு போடுங்கள். நெல் அதற்கடுத்த பட்டத்தில்.