நீலம் பாயும் தோலும் அழுத்த ஆக்சிஜனும்: வாசகர் கேள்விகள்

பைக் விபத்தில் என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற காயம். பக்கத்துத் தோலையும் சதையையும் திருப்பி மூடினார்கள், ஃபிளாப் என்கிறார்கள். மூன்றாம் நாள் அதன் நுனி நீலம் பாய்ந்துவிட்டது. ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் (சேம்பர் என்ற அழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிப்பது) 20 சிட்டிங் கொடுக்கலாமாம். பலன் இருக்குமா?
— வாசகி, ஈரோடு

இருக்கும். ஆனால் அது இரண்டாவது வேலை. நிறம் ஏன் மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

ஃபிளாப் நீலமாகி, உப்பி, விரலால் அழுத்தி எடுத்ததும் சட்டென்று நிறம் திரும்பினால், உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. வெளுத்து, சில்லிட்டு, நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால் ரத்தம் வருவதே குறைவு. அடியில் ரத்தம் கட்டியிருக்கலாம், தையலோ கட்டோ இறுக்கலாம், ஃபிளாப்புக்கு ரத்தம் கொண்டுவரும் காம்பு முறுக்கியிருக்கலாம். இரண்டு தையலைப் பிரித்ததுமே நிறம் திரும்புவதும் உண்டு. சில நேரம் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். மடங்கிக் கிடக்கும் ரத்தக்குழாயைச் சேம்பர் நிமிர்த்தாது. எனவே டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: "ரத்தக்கட்டு, முறுக்கு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டீர்களா?"

அதன் பிறகுதான் சேம்பர். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், 100 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லிதான். மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லி வரை ஏறும். சிவப்பணு நுழைய முடியாத வீங்கிய இடத்துக்கும் இந்த நீர் கசிந்து போய்ச் சேரும். கூடவே ரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் வீக்கம் வடிகிறது. குழாய் சுருங்கினால் ஆக்சிஜன் குறையாதா என்று தோன்றும். கரைந்திருப்பது அவ்வளவு அதிகம் என்பதால் குறைவதில்லை.

நடைமுறையில் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தம், ஒரு சிட்டிங்குக்கு 90 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம். முதல் சில நாள் தினம் இரண்டு வேளை, தோல் நிலைத்ததும் ஒரு வேளை. 20 முடிந்தால் தொடர்வதா நிறுத்துவதா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஆரம்பிப்பதாக இருந்தால் இன்றே ஆரம்பியுங்கள். கறுத்துக் காய்ந்த நுனி செத்துப்போன சதை, அது திரும்பாது. அதற்கும் நல்ல தோலுக்கும் நடுவில் ஊசலாடும் பட்டையைக் காப்பாற்றத்தான் இந்த அவசரமெல்லாம்.

அம்மாவுக்கு சர்க்கரை நோய். பாதப் புண்ணில் வைத்த தோல் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று சேம்பருக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், திருநெல்வேலி

முதலில், பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்த்தாயிற்றா? பெரிய குழாயே அடைத்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் சிட்டிங் எடுப்பது வீண் செலவு. ஒட்டுத் தோல் முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. புதிய ரத்தக்குழாய் கோத்துக்கொள்வது அதற்குப் பின்தான். காலைத் தொங்கப்போட்டாலோ, கட்டு நழுவினாலோ அந்த இணைப்பு அறுந்துவிடும்.

சேம்பருக்குள் சர்க்கரை இறங்கும். வெறும் வயிற்றோடு போகக் கூடாது. நுழையும் முன் குத்திப் பார்க்க வேண்டும். 120-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். உள்ளே மயக்கம் வந்தால் கதவை உடனே திறந்துவிட முடியாது, அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதுதான் பெரும்பாடு. சுத்த ஆக்சிஜனில் எண்ணெய், வாஸ்லின், தைலம் எல்லாமே தீப்பிடிக்கும் பொருள். நைலான் சேலை, செல்போன், காது மிஷின் கூடாது; பருத்தி உடை மட்டும். ஒட்டின்மேல் பாரஃபின் தடவிய வலைத்துணி வைத்திருந்தால் சேம்பர் ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடிக்கடி வரும் தொல்லை காதுவலி. அழுத்தம் ஏறும்போது எச்சில் விழுங்கவோ, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதவோ வேண்டும். காது அடைத்த உடனேயே சொல்ல வேண்டும். வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்று தள்ளிப்போடுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தால் சேம்பர் கூடவே கூடாது. அதனால் மார்பு எக்ஸ்ரே அவசியம். புற்றுநோய்க்கு பிளியோமைசின் என்ற மருந்து எப்போதாவது போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இருபது சிட்டிங்குக்கு மேல் போனால் தூரத்துப் பார்வை மங்கலாம். சிலர் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடிகிறதே என்று சந்தோஷப்படுவதும் உண்டு! சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி ஆகிவிடும். அதற்குள் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள்.

தொப்பை குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் தழும்பு சீக்கிரம் ஆற 'ஆக்சிஜன் பேக்கேஜ்' எடுக்கச் சொல்கிறார்கள். ஜிப் வைத்த துணிக் கூடாரம் போன்றது. எடுக்கலாமா?
— வாசகி, சென்னை

நன்றாக ஆறிவரும் காயத்துக்கு எந்தச் சேம்பரும் தேவையில்லை. அந்தத் துணிப்பை 1.3 மடங்கு அழுத்தத்தைத்தான் தாங்கும்; மேலே சொன்ன சிகிச்சைக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று. சிகரெட் பழக்கம் உண்டென்றால் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் தொடாதீர்கள். நிக்கோட்டின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கிவிடும்; வயிற்றுத் தையலின் நடுப்பகுதி கறுப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) வைத்து மூக்குக் குழாயில் ஆக்சிஜன் எடுத்தால் போதாதா?
— வாசகர், தஞ்சாவூர்

போதாது. சிவப்பணுக்கள் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்துதான் ஓடுகின்றன. கூடுதல் ஆக்சிஜனை ரத்த நீரில் கரைப்பது அழுத்தம். மூக்குக் குழாயில் அது கிடையாது.